குத்தாலிங்கம் போட்டுக்கொண்ட ஊசி

தென்காசியில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்த குத்தாலிங்கத்திடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டும் பிரயோஜனமில்லை. யுத்தத்தில் யார் ஜெயிப்பார்கள், மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை நல்லதா கஷாயம் நல்லதா, இந்த வருஷம் சாரல் சீக்கிரம் விழுமா என்று எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வான். "காலேஜுல இண்டர் வரைக்கும் படிச்ச ஆளு, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேலி பேசுவார்கள். அவனும் சிரித்து வைப்பான். அடுத்தவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக் கொடுக்கிற அந்த வேலையை அவன் தேடிப் பிடித்துக்கொண்டதுதான். பதினெட்டாவது வயதில் ஒரு நாள் குற்றாலத்தில் வாயைத் திறந்து பேசினான். அன்று பேசியதற்கு ஆயுசு முழுக்க வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அக்கா ஆவுடைத்தாயும் அவள் புருஷன் சங்கரபாண்டியும்தான் வளர்த்தார்கள். சங்கரபாண்டி குதிரை வண்டிக்காரர். ரயிலை விட்டு இறங்குகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனில் ஏற்றிக் குற்றாலத்து அருவிக்கரையில் இறக்கிவிடுவது தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மைத்துனன் திருநெல்வேலிக் காலேஜில் படிப்பதை, வண்டியில் ஏறுகிற எந்த ஊர்க்காரரிடமும் சொல்லாமல் விடமாட்டார். பாதி வழி போவதற்குள் குத்தாலிங்கம் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கு வாங்கினான் என்பதுவரை ஏறினவருக்குத் தெரிந்துவிடும்.

காலேஜில் வாரம் ஒரு நாள் தர்க்கச் சங்கம் கூடும். முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம், எடுத்த விஷயம் காலரா ஊசி. ஜில்லாவில் அங்கங்கே வாந்திபேதி கண்டிருந்த நேரம். ஊசி நல்லதா கெட்டதா, அதைப் போட்டுக்கொள்ளும்படி சர்க்கார் ஜனங்களை நெருக்கலாமா என்பது விவாதம். குத்தாலிங்கத்துக்கு அந்த நிமிஷம் வரைக்கும் ஊசியைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. வாத்தியார் வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது பக்கத்து பெஞ்சுக்காரர்கள் ஆதரித்தும் இடது பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எதிர்த்தும் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார். குத்தாலிங்கம் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவான். அங்கேதான் ஜன்னல் இருந்தது, காற்று வரும். காற்றுக்காக உட்கார்ந்தவனுக்கு ஒரு கொள்கையும் சேர்ந்து கிடைத்துவிட்டது.

ஊசிக்கு எதிராக எங்கேயோ அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று விடுதியில் கைக்குக் கை சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டான். மறுதரப்பு சொல்வதைப் பார்க்கவேண்டுமானால் புத்தகசாலையில் ஒரு தடித்த வைத்தியப் புத்தகம் இருந்தது. அதை எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டான். மேடையேறினதும் சொந்தச் சரக்காக ஒன்றைச் சேர்த்தான். "காலராவைத் தடுக்கக் காலராக் கிருமியையே உடம்புக்குள் ஏற்றுகிறார்களாம்! திருட்டுக்குப் பயந்து, நாலு திருடர்களைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளேயே பாய் விரித்துப் படுக்கவைப்பார்களா?"

கூடமே சிரித்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆதரித்துப் பேசவேண்டிய பையன்களும் சேர்ந்து தட்டினார்கள். இதற்கு முன்னால் குத்தாலிங்கத்துக்காக யாரும் கை தட்டினதில்லை. வண்டிக்காரன் மச்சினன் என்று விடுதியில் ஓரமாய் இருந்தவன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சீனியர்கள் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கதர் கட்டின ஒருவன், "வெள்ளைக்காரன் ஊசிக்கு நல்ல அடி கொடுத்தே" என்று முதுகில் தட்டினான். பந்தியில் யாராவது ஊசிக்குப் பரிந்து வாயெடுத்தால், "பாய் கொண்டா லே!" என்று நாலு பேர் கத்துவார்கள். அதோடு வாயெடுத்தவன் கதை முடிந்தது. அந்த வாரத்துக்குள் முக்கால்வாசி விடுதி ஊசிக்கு விரோதியாகிவிட்டது. ஊசியைப் பற்றி ஒருவனும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. பத்து நாளில் குத்தாலிங்கத்துக்கே தான் சொன்னது சத்தியம் என்று ஆகிவிட்டது. பெஞ்சும் ஜன்னலும் மறந்துபோய்விட்டன.

ஆடி பிறந்ததும் விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு வாந்திபேதி. காலேஜை மூடி எல்லோரையும் ஊருக்குப் போகச் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்டவனுக்குத்தான் விடுதியில் பெட்டியை எடுத்துப்போக அனுமதி என்று உத்தரவு. குத்தாலிங்கம் என்ன செய்தான்? வரிசையில் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். அவனுக்கு முன்னால் நின்றது கதர்க்காரன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 'உத்தரவு என்றால் என்ன செய்வது, கருத்து வேறு கை வேறு' என்று ரயிலில் வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஊசி ஏறின தோள் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. காய்ச்சலும் அடித்தது.

வீட்டில் அதைச் சொல்லவில்லை. தான் மேடையில் பேசினதை அத்தானுக்கு அவன் முன்கூட்டியே கடிதாசி எழுதியிருந்தான். அத்தான் அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, வண்டிப்பேட்டை முழுக்கப் பரப்பிவிட்டிருந்தார். அந்தப் பெருமைக்கு நடுவில் வீங்கின கையை எப்படிக் காட்டுவது? சீசன் நேரத்தில் அருவிக்குப் போகாமல் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தான். "அருவி தண்ணி இந்தப் போடு போடுது, தென்காசிக்காரப்பய குளிக்காம கெடக்கானே" என்று ஆவுடைத்தாய் அதிசயப்பட்டாள். ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் அத்தானோடு வண்டியில் குற்றாலத்துக்குப் போனான்.

அன்றைக்குக் குற்றாலத்தில் வண்டிப்பேட்டைக்கு எதிரே காப்பிக் கடையை ஒட்டி ஒரு மேஜை போட்டிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் ஊசிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"அண்ணாச்சிமாரே, கட்டாயம் ஒண்ணுமில்ல. சீசனுக்கு எங்கெங்கயோ இருந்து ஆளுக வருதாங்க. யாரு என்னத்தக் கொண்டு வருதாங்கன்னு நமக்குத் தெரியாது. நீங்க போட்டுக்கிட்டா உங்க வீட்டுக்கு நல்லது. ரெண்டு நாள் கை வலிக்கும், அவ்வளவுதான்" என்றார் அருமைநாயகம்.

சங்கரபாண்டி குதிரையை அவிழ்த்துவிட்டு நேரே மேஜைக்கு வந்தார். சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டியும்விட்டார். அப்போதுதான் கூட்டாளி வண்டிக்காரர் ஒலி முகம்மது குரல் கொடுத்தார்.

"ஏ பாண்டி, ஒம்ம மச்சினனத்தான் கூட்டியாந்திருக்கீரே. அவங்கிட்ட ஒரு வார்த்த கேளும். காலேஜுல இதப்பத்தித்தான பேசுனான்னீரு?"

சங்கரபாண்டி முகம் மலர்ந்துபோயிற்று. "ஆமா, மறந்துட்டேன் பாரு! மாப்ளே, இங்கன வா. நீ சொல்லு. போடலாமா, வேண்டாமா?"

அந்த இடத்தில் குத்தாலிங்கம் "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கு ஆயிரம் தரம் சொல்லுகிறானே, அந்த ஒரே வார்த்தைதான். ஆனால் பதினைந்து பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவன் பேசக் காத்திருந்தார். அவனுக்கு மேடை ஞாபகம் வந்துவிட்டது. துண்டுப் பிரசுரத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தான். கடைசியில் நாலு திருடர்களையும் கூப்பிட்டுப் பாய் விரித்தான்.

பேட்டை கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவர் சங்கரபாண்டி. சிரித்துக்கொண்டே, சுருட்டின சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பாதியில் நிறுத்தினார்.

"அப்பம் நீ போட்டுக்கிடலையா மாப்ளே? அங்கன ஒங்க காலேஜுக்கு ஊசி போட வந்திருப்பாங்கள்லா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வெறுமனே, தெரிந்துகொள்ளக் கேட்டார். பேச்சுக்கு மேலே ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது அவருக்கு. காலேஜ் பக்கம் போகாத அந்த மனிதருக்கு எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது.

"இல்ல அத்தான், நான் போட்டுக்கிடல" என்றான் குத்தாலிங்கம். அவன் தோளில் வீக்கம் இன்னும் முழுசாய் வடியவில்லை.

சங்கரபாண்டி மீதி மடிப்பையும் இறக்கிவிட்டார். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அருமைநாயகம் பெட்டியை மூடினார். அவர் தன்னை ஒரு கணம் பார்த்தார் என்றும், அந்தப் பார்வை தன் தோளில் வந்து நின்றது என்றும் குத்தாலிங்கத்துக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, தினம் மூன்று வேளையும் அத்தானோடு சேர்ந்துதான் சாப்பாடு. அருமைநாயகம் தென்காசியிலேயே இன்னும் நாலு நாள் மேஜை போட்டிருந்தார். 'அத்தான், நான் போட்டிருக்கேன், நீங்களும் போய்ப் போட்டுட்டு வாங்க' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சோறு பிசைகிற நேரம்கூட ஆகாது. நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தான். மறுநாள் அத்தான், இன்ஸ்பெக்டரையே மாப்ளே வாயடைக்கப் பண்ணிவிட்டான் என்று யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்கும். அவ்வளவுதான், மறுபடியும் நாளைக்கு என்று ஆகிவிடும்.

குற்றாலத்துக்குப் போய்வந்த பதின்மூன்றாம் நாள் விடியும்போது சங்கரபாண்டி கொல்லைக்குப் போனவர் திரும்பிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, குரல் கம்மி, கைவிரலெல்லாம் ஊறப்போட்டதுபோல் சுருங்கிவிட்டது. ஆவுடைத்தாய் ஒன்றரை வயசுப் பிள்ளை சந்தனமாரியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, புருஷன் வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றுகிறதற்கு முன் எல்லாம் முடிந்துபோயிற்று.

தெருவில் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. ஒலி முகம்மதுதான் வந்தார். பாடையைத் தூக்க அவர் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். "பயப்படாம வாரீங்களே" என்று குத்தாலிங்கம் அழுதுகொண்டே கேட்டதற்கு, "நான் மறுநாளே போய் ஊசி போட்டுக்கிட்டேன்பா. எம் பொண்டாட்டி சண்ட போட்டு வெரட்டிட்டா. பாண்டியவும் கூப்பிட்டேன். எம் மச்சினனே போட்டுக்கிடல, எனக்கு எதுக்குன்னுட்டாரு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

காலேஜ் திறந்ததும் போனான். படிக்கப் போகவில்லை, விடுதியில் மிச்சமிருந்த சாமான்களை எடுக்கப் போனான். புத்தகசாலைக்குள் நுழைந்து அந்தத் தடித்த வைத்தியப் புத்தகத்தை எடுத்தான். ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அவன் புத்தகம் திறந்தது அன்றைக்குத்தான். ஊசி போட்டு எத்தனை நாளில் பலன் பிடிக்கும் என்று தேடினான். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இருக்கவேண்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினான். அப்படியானால் அன்றைக்கே போட்டிருந்தாலும் அத்தான் பிழைத்திருக்கமாட்டார் அல்லவா? சுமார் பத்து நாள் என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினான். திரும்பவும் எண்ணினான்; பதின்மூன்று. போட்டுக்கொண்டவர்களிலும் சிலருக்கு நோய் வருவதுண்டு என்று அதே பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் தூங்கினான். பிறகு, பழையபடி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று உறைத்தது. அன்றிலிருந்து அந்த வரியும் உதவவில்லை.

ஆவுடைத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. தம்பி படிப்பை விட்டுவிட்டு நகல் எழுதிக் குடும்பத்தைத் தாங்குகிறான் என்று ஊரெல்லாம் மெச்சுவாள். அவனுக்குச் சோறு போடும்போது அடிக்கடி ஒன்று சொல்வாள். "நீயும் ஊசி போடல, அவுகளும் போடல. ரெண்டு பேரையும் கொண்டுபோயிருந்தா நானும் இந்தப் பிள்ளையும் எங்க போவோம்? ஒன்னையாவது விட்டுவச்சானே சாமி." தண்ணீர் குடித்துக் கவளத்தை இறக்குவான். இப்படி எட்டு வருஷம்.

நாற்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் மறுபடியும் வாந்திபேதி என்று பேச்சு வந்தது. வேறொரு இன்ஸ்பெக்டர் அவர்கள் தெருமுனையில் மேஜை போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த குத்தாலிங்கம், பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தான். வரிசைக்குப் பக்கத்தில் ஆவுடைத்தாய், ஒன்பது வயசுச் சந்தனமாரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் எம் பிள்ளைக்குப் போடமாட்டேன் தாயி. எங்க வீட்டுல நடந்தது ஒங்களுக்குத் தெரியாதா? அவுகளும் போடல, எந்தம்பியும் போடல. ஒரே தட்டுல தின்னாங்க, ஒரே பானையில குடிச்சாங்க. அவுக போயிட்டாக, இவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கான். ஊசியில என்ன இருக்கு? எல்லாம் எழுதி வச்சதுதான்."

வரிசையில் நின்ற பெண்கள் யோசித்தார்கள். ஒருத்தி வெளியே வந்தாள். அவளைப் பார்த்து, இடுப்பில் பிள்ளை வைத்திருந்த இன்னொருத்தியும் வந்தாள். அவர்கள் காதில் விழுந்தது நியாயமான ஆதாரம். அதை ஆதாரமாக்கிக் கொடுத்தவன் நடுத்தெருவில் குடையோடு நின்றான். பேசாமல் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு சந்தனமாரியின் மெலிந்த கையைப் பார்த்தான்.

"அக்கா, நான் போட்டிருந்தேன்."

"என்னத்த?"

"ஊசிய. அத்தான் எங்கிட்ட கேக்குததுக்கு முந்தியே காலேஜுல போட்டுட்டுத்தான் வந்தேன். அன்னைக்கு எனக்கு அடிச்சது ஊசிக் காய்ச்சல். அத்தான் கேட்டப்பம் இல்லன்னு பொய் சொன்னேன்."

தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. ஆவுடைத்தாய் அவனையே பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் சந்தனமாரியை இழுத்துக்கொண்டு நேரே மேஜைக்குப் போனாள். பிள்ளைக்குப் போட்டதும் தன் கையையும் நீட்டினாள். வெளியே வந்த பெண்கள் திரும்ப வரிசையில் நின்றார்கள்.

போட்ட இடத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"பதிமூணு நாளு ஒண்ணாத்தானல வீட்டுல இருந்த. ஏம்ல சொல்லல?"

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா. நான் பேசுனதக் கேட்டு அத்தன பேரும் சிரிச்சாங்க. அதுக்குப் பெறவு சொல்ல முடியல."

அவள் முந்தானையை எடுத்துவிட்டு, ஊசி ஏறின இடத்தைப் பார்த்தாள்.

"அவுகளும் சிரிச்சாகளா?"

"அத்தான்தான் மொதல்ல சிரிச்சாக."

ஆவுடைத்தாய் தலையை அசைத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். குத்தாலிங்கம் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. அவளும் கூப்பிட்டனுப்பவில்லை.